9,000 மேற்கோள் உள்ள கைடா, 2,000 மேற்கோள் உள்ள கைடா?

நடுராத்திரி_மாணவி

அறிவாற்றல் உளவியலில் முதுகலை முடிக்கப் போகிறேன், அடுத்து பிஎச்டி. வொர்க்கிங் மெமரி, அதாவது ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானதைச் சற்று நேரம் மனதில் வைத்திருக்கும் நினைவு, அதுதான் தலைப்பு என்பதில் குழப்பம் இல்லை, யாரிடம் சேர்வது என்பதில்தான் எல்லாக் குழப்பமும். இரண்டு பேர் என்னை எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். இருவருடைய கூகுள் ஸ்காலர் பக்கங்களையும் (ஒருவர் எழுதிய கட்டுரைகளையும், அவற்றை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்பதையும் காட்டும் தளம்) ஒரு வாரமாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாமவருக்கு மொத்த மேற்கோள் 9,000-க்கு மேல், எச்-இண்டெக்ஸ் 34. இரண்டாமவருக்கு 2,000-ஐ ஒட்டி, எச்-இண்டெக்ஸ் 21. பார்த்த மாத்திரத்தில் முதலாமவர்தான் என்று முடிவு செய்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். அப்புறம் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தால், அந்த 9,000-இல் கிட்டத்தட்ட பாதி ஒரே கட்டுரையிலிருந்து வருகிறது. அதில் பதினான்கு பேர் பெயர், இவர் எட்டாவதோ ஒன்பதாவதோ. இரண்டாமவரிடம் அப்படிப் பெரிய கட்டுரை எதுவுமே இல்லை, ஆனால் 60, 80, 110 என்று சீராகப் போகிறது.

கூடப் படிக்கும் நண்பன், "எச்-இண்டெக்ஸ் பெரிதாக இருப்பவரிடம் போ, வேலை தேடும்போது அவர் பெயர்தான் பேசும்" என்கிறான். எங்கள் பேராசிரியர் ஒருவர் எண்ணையே பார்க்காதே என்கிறார். சரி, எண்ணைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது என்று கேட்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் விண்ணப்பம் போட முடியாதே. யாராவது விளக்குங்கள்.

பழைய_ஆய்வகத்தான்

உங்கள் பேராசிரியர் பாதி சரி. எண்ணைப் பாருங்கள், ஆனால் அது எதை எண்ணியது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

முதலில் எச்-இண்டெக்ஸ். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்கிற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு. 34 என்றால், குறைந்தது 34 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 34 இருக்கின்றன என்று பொருள், அவ்வளவுதான். இதிலிருந்தே உங்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும்: அந்தப் பதினான்கு பேர் கட்டுரை மொத்த எண்ணிக்கையைத்தான் ஊதிப் பெருக்குகிறது, எச்-இண்டெக்ஸில் அதன் பங்கு ஒன்றே ஒன்று. அதைத் தூக்கிப் போட்டாலும் அவருக்குக் குறைந்தது 33 நிற்கும். அதனால் "எல்லாம் அந்த ஒரு கட்டுரையால்தான்" என்று அவரைத் தள்ளிவிடாதீர்கள், அது நியாயம் இல்லை.

ஆனால் எச்-இண்டெக்ஸ் ஏறுமே தவிர இறங்காது. ஒருவர் ஆராய்ச்சியை விட்டு ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாலும் அது பாட்டுக்கு ஏறும். அதனால் முதல் கட்டுரை வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். ஹிர்ஷே அந்த முதல் கட்டுரையில் எச்-ஐ வருடங்களால் வகுக்கலாம் என்று எழுதியிருக்கிறார், அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கூகுள் ஸ்காலரில் வலது பக்கம் இரண்டு நெடுவரிசை இருக்குமே, ஒன்று மொத்தம், இன்னொன்று கடைசி ஐந்து வருடத்துக்கானது. நிறையப் பேர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது, அந்த 4,500 மேற்கோளும் எதற்காக? நம் துறையில் ஒரு பழைய வேடிக்கை இருக்கிறது. 1971-இல் ஓல்ட்ஃபீல்ட் என்பவர் ஒருவர் எந்த அளவுக்கு வலக்கைக்காரர், எந்த அளவுக்கு இடக்கைக்காரர் என்று அளக்க ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டார், எடின்பரோ பட்டியல் என்பார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷை எந்தக் கையில் பிடிப்பீர்கள், எந்தக் கையால் எழுதுவீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள். மூளை ஸ்கேன் எடுக்கும் ஆய்வகங்கள் "பங்கேற்றவர்கள் அனைவரும் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள்" என்று ஒரு வரி எழுதி அதன் பக்கத்தில் ஓல்ட்ஃபீல்டைப் போட்டுவிடும். இப்படி ஒரு வரி ஒரு வரியாகவே உளவியலிலும் நரம்பியலிலும் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. நான் தவறாகச் சொல்லவில்லை, அது பயனுள்ள கருவி. ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்த்து "நினைவைப் பற்றி இவர் சொன்ன கருத்தை உலகமே ஏற்றுக்கொண்டது" என்று நினைத்தால் தப்பு. பிரெய்னார்ட் 1997-இல் எழுதிய சைக்கோஃபிசிக்ஸ் டூல்பாக்ஸ் கட்டுரையும் இதே ரகம்தான், திரையில் படம் காட்ட அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் அத்தனை பேரும் அதைக் குறிப்பிடுவார்கள்.

உங்கள் பதினான்கு பேர் கட்டுரை என்ன கட்டுரை? கருவியா, பிறர் ஆய்வுகளைத் தொகுக்கும் ரிவ்யூவா, பரிசோதனையா? மேற்கோள் எண்ணின் மேல் சொடுக்கினால் அதை மேற்கோள் காட்டியவர்கள் வரிசையாக வருவார்கள். முப்பது கட்டுரையைத் திறந்து, அந்தப் பெயர் எந்தப் பத்தியில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு மாலை வேலை. கடைசியாக, பெயர் வரிசை. நம் துறை ஆய்வகங்களில் பெரும்பாலும் வேலை செய்தவர் பெயர் முதலில், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியில். நீங்கள் பிஎச்டி மாணவியாகப் போகிறவர், உங்கள் கைடின் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்பதுதான் உங்களுக்குத் தேவைப்படும் செய்தி. அதை எந்த இண்டெக்ஸும் சொல்லாது.

ஸ்காலர்ஷிப்_காரன்

மேலே உள்ள பதில் அழகாக இருக்கிறது, ஆனால் நண்பர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர் என்பது தெரிகிறது. நானும் மேற்கோள் எண்ணெல்லாம் மாயை என்று பேசிக்கொண்டிருந்தவன்தான், மூன்று வருடம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை) தேடிய பிறகு பேசுவதை நிறுத்திவிட்டேன். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒரு மதியத்துக்குள் வடிகட்டும் குழுவில் உட்கார்ந்திருப்பவர் முப்பது கட்டுரையைத் திறந்து பத்தி பார்க்க மாட்டார். 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து டோரா என்று ஓர் அறிக்கை போட்டார்கள், ஜர்னலின் இம்பேக்ட் ஃபேக்டரை, அதாவது அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோளை, வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று. நிறைய நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. கையெழுத்து ஒரு பக்கம், நடப்பது ஒரு பக்கம்.

அதனால் என் யோசனை, இரண்டு பேரும் நல்லவர்கள் என்றால் பெயர் பெற்றவரிடம் போங்கள். பரிந்துரைக் கடிதத்தின் கீழே இருக்கும் பெயருக்கு ஒரு விலை உண்டு.

பழைய_ஆய்வகத்தான்

வேலையில் இருக்கிறேன் என்பது உண்மைதான், அதற்காக வெட்கப்படவும் முடியாது. ஆனால் கடிதத்தின் கீழே பெயர் இருந்தால் போதாது, கடிதத்துக்குள் விஷயமும் இருக்க வேண்டும். ஒன்பதாவது பெயராக இருப்பவர் உங்களைப் பற்றி எழுதும் கடிதத்திலும் நீங்கள் ஒன்பதாவது வரியில்தான் வருவீர்கள்.

இரண்டு_முதலெழுத்து

ஒரு சின்ன எச்சரிக்கை, யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் அவருடையதுதானா என்று பார்த்தீர்களா?

என் சொந்தக் கதை. கவனம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் நான். கூகுள் ஸ்காலரில் பக்கம் தொடங்கும்போது, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள் என்கிற இடத்தில் சரி என்று போட்டுவிட்டு மறந்துவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து என் எண்ணிக்கை திடீரென்று எகிறியிருந்தது, பரவாயில்லையே என்று மனசுக்குள் ஒரு குதூகலம். பட்டியலைப் பார்த்தால் எனக்கு நெல் இலைப் புள்ளி நோய் பற்றி நான்கு கட்டுரை இருக்கிறது, வாத்துப் பண்ணை பற்றி ஒன்று. என் முதலெழுத்தும் கடைசிப் பெயரும் கொண்ட வேறு யாரோ. எல்லாவற்றையும் நீக்கினேன், வாத்துப் பண்ணையை நீக்கும்போது மட்டும் கொஞ்சம் கை தயங்கியது, அதற்கு என் ஆய்வறிக்கையைவிட மேற்கோள் அதிகம்.

நான் கவனித்து நீக்கினேன், கவனிக்காதவர்கள் எத்தனையோ பேர். வேண்டுமென்றே விட்டுவைப்பவர்களும் இருக்கலாம், அதை நான் சொல்லப் போவதில்லை. மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்து எண்ணியிருக்கிறது என்று அர்த்தம். அது தப்பே இல்லை, முன்பதிப்பையும் (ஜர்னலில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் வடிவம்) அச்சில் வந்ததையும் சேர்த்திருப்பார்கள், ஆனாலும் ஒரு கண் போடுங்கள். முடிந்தால் அவருடைய ஆர்கிட் பக்கத்தையும் திறந்து ஒப்பிடுங்கள், ஒரே பெயர்க்காரர்கள் குழம்பாமல் இருக்க ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்க எண் கொடுப்பார்களே, அது. மேற்கோள்களை எண்ணும் வேறு தளங்களான ஸ்கோப்பஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் எண் குறைவாகத்தான் காட்டும், பயந்துவிடாதீர்கள். அவை தேர்ந்தெடுத்த ஜர்னல்களை வைத்து எண்ணுகின்றன, ஸ்காலர் இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, முன்பதிப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். ஒருவரை ஸ்காலரிலும் இன்னொருவரை ஸ்கோப்பஸிலும் பார்த்து ஒப்பிடுவது மட்டும் கூடவே கூடாது, அதைச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரூப்_ரசிகன்

எச்-இண்டெக்ஸைப் பற்றிப் பேசும் இடத்தில் ஸ்ட்ரூப்பைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

"சிவப்பு" என்கிற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல் என்றால் நாக்கு குழறும் அல்லவா, அந்தப் பரிசோதனை. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்டது, அவருடைய முனைவர் பட்ட வேலை. அதற்குப் பிறகு மனுஷன் உளவியல் ஆராய்ச்சியையே ஏறக்குறைய விட்டுவிட்டு பைபிள் போதனைக்குப் போய்விட்டார். அவர் எழுதிய உளவியல் கட்டுரைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். எச்-இண்டெக்ஸ் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது என்பதால் அவருடைய எச்-இண்டெக்ஸ் என்றைக்கும் ஒற்றை இலக்கம்தான். 1991-இல் மெக்லியாட் அந்தப் பரிசோதனையைச் சுற்றி வந்த அரை நூற்றாண்டு வேலையை ஒரு ரிவ்யூவில் தொகுத்தார், பல நூறு ஆய்வுகள். இன்றைக்கும் அறிமுகப் பாடநூல் எதைத் திறந்தாலும் ஸ்ட்ரூப் இருப்பார்.

இன்னொன்று, பேட்லியும் ஹிட்சும் 1974-இல் எழுதிய "வொர்க்கிங் மெமரி", உங்கள் தலைப்புக்கே மூலம். அது ஜர்னல் கட்டுரை இல்லை, ஒரு தொகுப்பு நூலில் வந்த அத்தியாயம். ஜர்னலை மட்டும் எண்ணும் ஒரு குழு அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்த்திருக்காது.

நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரியும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மறுசோதனை

நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன். மேற்கோள் என்பது படித்ததற்கே சாட்சி இல்லை, ஒப்புக்கொண்டதற்கு எப்படிச் சாட்சி ஆகும்?

மில்லர் 1956-இல் எழுதிய மந்திர எண் ஏழு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். "குறுகிய கால நினைவில் ஏழு பொருள் நிற்கும், மில்லர் 1956" என்று எழுதாத மாணவர் உண்டா? நானும் எழுதியிருக்கிறேன், மூலத்தைப் படிக்காமல். படித்தபோதுதான் தெரிந்தது, அந்த மனிதர் ஏழு என்கிற எண்ணைக் கடைசியில் பாதி கிண்டலாகத்தான் விடுகிறார், அது வெறும் தற்செயலாக இருக்கலாம் என்று அவரே சந்தேகப்படுகிறார். 2001-இல் கோவன் நான்கு என்று வாதாடினார். இன்றும் ஏழும் ஓடுகிறது, நான்கும் ஓடுகிறது, இருவருக்கும் மேற்கோள் ஏறிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது 2015. ஓப்பன் சயின்ஸ் கொலாபரேஷன் என்கிற பெரிய குழு 2008-இல் மூன்று முக்கிய ஜர்னல்களில் வந்த ஆய்வுகளிலிருந்து நூறை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் அளவில் முடிவு காட்டியவை, திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. நம் அறிவாற்றல் பக்கம் சுமார் பாதி தேறியது, சமூக உளவியலில் சுமார் கால்வாசி. நம் பக்கம் தேவலாம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்பவர்கள் பாதி தேறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்றால், 2021-இல் செர்ரா-கார்சியாவும் நீசியும் இப்படி மறுசோதனைக்குப் போன கட்டுரைகளின் மேற்கோள்களை எடுத்துப் பார்த்தார்கள். மறுசோதனையில் முடிவு திரும்ப வராத கட்டுரைகள்தான் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன! தோற்றுப்போனது தெரிந்த பிறகும், அந்தத் தோல்வியைக் குறிப்பிட்டு மேற்கோள் காட்டியவர்கள் எட்டில் ஒருவர்தான். ஆச்சரியம் ஊட்டும் முடிவு என்றால் எல்லோர் வாயிலும் புகுந்துவிடும், அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆக உங்கள் இருவரில் யார் தரவைத் திறந்து வைத்திருக்கிறார், யார் தன் கருதுகோளையும் ஆய்வுத் திட்டத்தையும் முன்கூட்டியே பொதுவில் பதிவு செய்துவிட்டுப் பரிசோதனை செய்கிறார், யாருடைய முடிவை வேறொரு ஆய்வகம் திரும்பச் செய்து பார்த்திருக்கிறது என்று பாருங்கள். 2013-இல் கார்டெக்ஸ் ஜர்னல் தொடங்கிவைத்த ரெஜிஸ்டர்ட் ரிப்போர்ட் முறையில், அதாவது முடிவு வருவதற்கு முன்பே திட்டத்தை மட்டும் வைத்து ஏற்றுக்கொள்ளும் முறையில், ஒரு கட்டுரையாவது போட்டிருந்தால் எனக்கு அந்த ஆளின் மேல் மரியாதை கூடும். அதற்கு மேற்கோள் பன்னிரண்டு இருந்தாலும் சரி.

நடுராத்திரி_மாணவி

எல்லோருக்கும் நன்றி. சொன்னதைச் செய்து பார்த்தேன், ஒரு மாலை இல்லை, மூன்று இரவு ஆயிற்று. கண்டதை அப்படியே போடுகிறேன்.

அந்தப் பதினான்கு பேர் கட்டுரை, நண்பர் சந்தேகப்பட்ட மாதிரியே கருவிதான். கணினியில் செய்யும் நினைவுச் சோதனைகளின் தொகுப்பு, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மேற்கோள் காட்டிய முப்பதைத் திறந்தேன், இருபத்தாறில் முறைகள் பகுதியில் ஒரே ஒரு வரி. "சோதனைகள் இன்னாரிடமிருந்து எடுக்கப்பட்டன." அவ்வளவுதான், அடுத்த வரி பங்கேற்றவர்களின் வயது.

இரண்டாமவரின் 110 மேற்கோள் கட்டுரையிலும் முப்பது பார்த்தேன். பதினெட்டு பேர் முன்னுரையில் வேறு மூன்று பெயரோடு சேர்த்து அடைப்புக்குறிக்குள் அடைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்பது பேர் அவருடைய பரிசோதனையையே எடுத்து, இடைவெளி நேரத்தை மாற்றி, எழுத்துக்குப் பதில் உருவங்களை வைத்து மறுபடி செய்திருக்கிறார்கள். ஒருவர் மூன்று பக்கத்துக்கு அவரோடு சண்டை போட்டிருக்கிறார். சண்டையைப் படிக்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, இரவு இரண்டு மணி வரை அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

வருடக் கணக்கு: முதலாமவரின் முதல் கட்டுரை வந்து 26 வருடம், இரண்டாமவருக்கு 12. வகுத்தால் 1.3-ம் 1.75-ம் வருகிறது. பெயர் வரிசைதான் என்னை யோசிக்க வைத்தது. முதலாமவரின் கடைசி ஆறு வருடக் கட்டுரைகளில் அவர் பெயர் பெரும்பாலும் நடுவில், பெரிய கூட்டு ஆய்வுகள். அவருடைய மாணவர் பெயர் முதலில் வந்தது இரண்டே தடவை. இரண்டாமவரிடம் ஐந்து வெவ்வேறு முதல் பெயர்கள், ஐந்திலும் கடைசிப் பெயர் அவர். தரவு இருவருமே இப்போது திறந்துதான் வைக்கிறார்கள், அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாமவரின் ஐந்து பேரில் ஒருவர் ஒரே கட்டுரையோடு காணாமல் போய்விட்டார், அது ஏன் என்று மனசை அரிக்கிறது.

பழைய_ஆய்வகத்தான்

அரிக்கட்டும், நல்லதுதான். அவருக்கே எழுதிக் கேளுங்கள். ஆய்வகத்தை விட்டுப் போனவர்கள்தான் உண்மை பேசுவார்கள். "கைடு எப்படி" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லவர் என்றுதான் எழுதுவார்கள். உங்கள் முதல் கட்டுரையின் வரைவு கொடுத்து எத்தனை நாளில் திரும்பி வந்தது, எதிர்பார்த்த முடிவு வராதபோது என்ன சொன்னார், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். முதலாமவரின் மாணவர்களிடமும் இதையே கேளுங்கள், ஒருதலையாக வேண்டாம்.

ஸ்காலர்ஷிப்_காரன்

நான் என் வாதத்தை முழுசாக வாபஸ் வாங்கவில்லை, ஆனால் ஐந்து முதல் பெயர் என்பது நல்ல எண். எனக்கு ஒன்று கிடைப்பதற்குள் நாக்கு தள்ளிவிட்டது.

நடுராத்திரி_மாணவி

கடைசிச் செய்தி. நான்கு பேருக்கு எழுதினேன், மூன்று பதில் வந்தது. காணாமல் போனவர் காணாமல் போகவில்லை, குழந்தை பிறந்த பிறகு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறார். வரைவு ஒன்பது நாளில் வந்தது, ஒவ்வொரு பத்தியிலும் சிவப்பு, ஒரு இடத்தில் மட்டும் "இந்த வரி எனக்குத் தோன்றவில்லையே" என்று எழுதியிருந்தார், அந்த ஒரு வரிக்காகவே அவரைப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறார். இன்னொரு மாணவரின் பரிசோதனையில் எதிர்பார்த்தது வரவில்லை, அதை அப்படியே எழுதி வெளியிடச் சொல்லியிருக்கிறார், அந்தக் கட்டுரைக்கு இதுவரை மேற்கோள் நான்கு. முதலாமவரின் மாணவர் ஒருவர் அன்பாகத்தான் எழுதினார், வரைவு நான்கு மாதம் கழித்து வந்ததாம், கூட்டு ஆய்வின் பயணங்களில் அவருக்கு நேரமே இருக்காதாம்.

இரண்டாமவருக்கு நேற்று விண்ணப்பம் போட்டுவிட்டேன். வீட்டில்தான் இன்னும் அந்த 9,000 என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.